புறாவுக்குத் தலை உண்டா?

1.

இந்தக் கதை என்னுடையது இல்லை, இரண்டு பேரிடமிருந்து எடுத்தது. பாதியை டிராம் கண்டக்டர் எதெல்காவிடமிருந்து எடுத்தேன். டிராம் டெப்போவின் சாப்பாட்டறையில் பீன்ஸ் சூப்பை ஊதி ஊதிக் குடித்தபடி சொன்னாள். மறுபாதி பல வருஷம் கழித்து தையல்காரி வில்மாவிடம் கிடைத்தது. பாவாடைக்கு அளவு கொடுக்கப் போன என்னை முக்காலியில் நிற்க வைத்து, வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு அவள் சொன்னது. இரண்டு பாதிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டிப் பார்த்தால் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். ஒட்டாத அந்த இடத்தில்தான் கதை இருக்கிறது என்று தெரிந்ததும் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது. மூன்று நாளாக அடுப்பில் எதை வைத்தாலும் தீய்கிறது.

முதல் வரிக்காக இதுவரை எழுதிப் பார்த்தவை:

"1946 ஆகஸ்ட் முதல் தேதி வியாழக்கிழமை காலை, புடாபெஸ்ட் நகர மக்கள் புதிய நாணயத்தை—" [வேண்டாம். செய்தித்தாள் வாசனை.]

"எதெல்காவுக்கு முப்பத்தொரு வயது. அவளுடைய கண்கள்—" [கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அவள் கண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. தொண்டைதான் ஞாபகமிருக்கிறது. கடைசிப் பெட்டி வரை கேட்கும்.]

"ஒரே வீடு. இரண்டு பேர் கையிலும் அதற்கான உத்தரவு."

இது நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.

2.

ஒரே வீடு. இரண்டு பேர் கையிலும் அதற்கான உத்தரவு.

முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் நடைமாடம் ஓடும் மூன்று மாடிக் கட்டடத்தில் அது இரண்டாம் மாடி. தெருப் பக்கம் வெயில் விழும் ஒரு பெரிய அறை. முற்றத்துப் பக்கம் கட்டில் போட்டால் கதவு திறக்காத ஓர் அறை. நடுவில் சமையலறை. போர் முடிந்த அந்தக் குளிர்காலத்தில் பாதி ஊருக்குக் கூரை இல்லை. அந்த ஜனவரியில் ஒரே நாள் காலையில் எதெல்கா ஒரு மூட்டையோடும், வில்மா ஒரு தையல் இயந்திரத்தோடும் ஒரு புருஷனோடும் அந்தக் கதவின் முன் வந்து நின்றார்கள். வீடு ஒதுக்கிய இரண்டு உத்தரவிலும் அதே விலாசம், அதே முத்திரை, அதே தேதி.

"யார் முதல்ல வந்தது?" என்று கேட்டார் கட்டடக் காவலாளி லோரின்ஸ்.

"நான்தான்!" என்றார்கள் இருவரும்.

அதிலிருந்து ஏழு மாதம். பெரிய அறையின் நடுவே அலமாரியை இழுத்துப் போட்டு, மீதி இடத்தில் போர்வையைத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் எதெல்கா, அந்தப் பக்கம் வில்மாவும் புருஷனும். (சின்ன அறைக்கு யாரும் போகவில்லை. போனால் தோற்றதாக ஆகிவிடுமே!) அடுப்புக்குச் சண்டை, தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை, ஜன்னலைத் திறப்பதற்குச் சண்டை, மூடுவதற்குச் சண்டை. நீல எனாமல் பானை ஒன்று வீட்டோடு வந்தது. அது யாருடையது என்று மட்டும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

"ஏ டிராம்காரி! உன் செருப்ப என் பக்கம் விடாதேன்னு எத்தன தடவ சொல்றது?"

"போர்வைதான் காத்துல நகர்ந்துருக்கு, வில்மாக்கா. செருப்பு அங்கேயேதான் இருக்கு."

ஜூலையில் கட்டடத்தின் சொந்தக்காரர் சொல்லி அனுப்பினார். ஆகஸ்டிலிருந்து புதுப் பணம், புது ஒப்பந்தம், அதில் ஒரே ஒரு பெயர். யாருடைய பெயர் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவு செய்யாவிட்டால் இரண்டு பேரும் வெளியே. தோற்றவருக்குக் கிடைக்கப்போவது ஊர்க்கோடியில் கொபான்யா பக்கம் ஒரு பொதுவிடுதி. ஓர் அறைக்குப் பன்னிரண்டு கட்டில்.

3.

[இங்கே நான் வில்மாவின் புருஷன் காஷ்பாரை வெட்டிவிட்டேன். கதைக்கு அவர் தேவையில்லை என்று தோன்றியது. ஓர் இசைநாடகக் குழுவில் டிராம்போன் என்ற நீளமான பித்தளைக் குழல் வாசிப்பவர், அதிகம் பேசமாட்டார். ஆனால் அவரை வெட்டியதும் வீடு அமைதியாகிவிட்டது. காலை ஆறு மணிக்கு அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து அந்த வாத்தியம் உறுமவில்லை என்றால் எதெல்கா எதற்கு வீட்டுக்காக இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும்? ஆகவே திரும்பி வாருங்கள், காஷ்பார். மன்னித்துவிடுங்கள்.]

எப்படி முடிவு செய்வது? சுண்டிப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் லோரின்ஸ். எதைச் சுண்டுவது? அங்கேதான் சிக்கல். ஊரில் காசே கிடையாது. காகிதம் மட்டும்தான், அதுவும் காலையில் ஒரு ரொட்டிக்குப் போதுமாக இருந்தது மாலையில் ரொட்டியைச் சுற்றக்கூடப் போதாது. காஷ்பாரின் சம்பளத்தை அவர் வாங்கிய கையோடு வில்மா பிடுங்கிக்கொண்டு ஓடுவாள். அவள் கடை வாசலை அடைவதற்குள் அது பாதியாகியிருக்கும். தையல் கூலியை அவள் முட்டையாகவோ பன்றிக் கொழுப்பாகவோதான் வாங்கினாள்.

"பொத்தான சுண்டலாமே?" என்றார் காஷ்பார். அந்த வாரத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

"பொத்தானெல்லாம் உங்க பொண்டாட்டி டப்பாவுல இருந்துதான் வரணும். எது எப்படி விழும்னு அவளுக்கு மனப்பாடம்," என்றாள் எதெல்கா.

"சீட்டுக்கட்டு?"

"டிக்கெட் கிழிக்கிற கை, சீட்டக் கிழிக்காதா?" என்றாள் வில்மா.

"பழைய காசு ஒண்ணு எங்கிட்ட இருக்கு," என்றார் லோரின்ஸ்.

இதற்கு மட்டும் இருவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். வேண்டாம். செத்த பணம் சொல்லும் தீர்ப்பு யாரைக் கட்டும்? புதுக் காசு வரட்டும். ஆகஸ்ட் முதல் தேதி, மாலை ஐந்து மணி, முற்றத்தில்.

4.

அந்த வியாழக்கிழமை அதிகாலை ஷிப்ட். டெப்போவில் எதெல்காவின் தோல் பையில் சில்லறை போட்டு அனுப்பினார்கள். பை கனத்தது. அவள் இடுப்பு அந்தக் கனத்தை மறந்தே போயிருந்தது. வெறும் சந்தோஷத்தில் இரண்டு தடவை குதித்துப் பார்த்தாள். பை ஒலித்தது.*

* இதை எழுதும்போது நானும் எழுந்து ஒரு தடவை குதித்தேன். கீழ் வீட்டுக்காரர் கரியடுப்புக் கம்பியால் கூரையைத் தட்டினார்.

மூன்றாவது நிறுத்தத்தில் சுண்ணாம்புக் கறை படிந்த ஒரு பூச்சு வேலைக்காரர் ஏறினார். புத்தம்புது பத்து ஃபோரிண்ட் நோட்டு ஒன்றைப் பறவைக் குஞ்சைப் போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். எதெல்கா டிக்கெட்டைக் கிழித்து மீதியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். காசுகள்! மஞ்சள் நிறத்தில், வட்டமாக, விளிம்போடு.

அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்தார்.

"ஏம்மா கண்டக்டரம்மா, இது நாளைக்கும் இதே வெலதானா?"

"நாளைக்கும் அதேதான். நாளான்னைக்கும் அதேதான்."

"அப்ப இன்னைக்கே செலவழிக்க வேண்டாமா?"

"சட்டப்பையில போட்டு வைங்க. ஒண்ணும் ஆகாது."

அவர் காசைப் பைக்குள் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். பணத்தை வைத்துக்கொள்வது எப்படி என்று அவருக்கு மறந்துபோயிருந்தது. அதற்குள் வண்டி முழுக்கக் கழுத்தை நீட்டிவிட்டது.

"எனக்குக் காட்டுங்க!"

"பாத்தது போதும், சத்தம் எப்படி இருக்குன்னு கேப்போம். கீழ போடு, பொண்ணே!"

எதெல்கா ஃபோரிண்டின் சில்லறையான பத்து ஃபில்லேர் காசு ஒன்றை எடுத்து உயர்த்தினாள். போட்டாள். சக்கரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "கேக்கலயே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் மணிக்கயிற்றை இழுத்தாள். ஓட்டுநர் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஊரே நின்றாற்போல இருந்தது. அவள் மறுபடி போட்டாள்.

ணங்.

யாரோ கைதட்டினார்கள். ஒரு பெண் "இன்னொரு தடவ!" என்று கெஞ்சினாள். ஏன் நிற்கிறது என்று விசாரிக்க வந்த போலீஸ்காரர் படியில் ஒரு காலை வைத்தபடி மூன்றாவது தடவையைக் கேட்டுவிட்டு, "சரி சரி, கிளம்புங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பாமல் நின்றார்.

[இது உண்மையிலேயே நடந்ததா? எதெல்கா சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. இரண்டு தடவை இந்தப் பகுதியை அடித்தேன். அடிக்கும்போதெல்லாம் கதை வாடிப்போகிறது. இருக்கட்டும்.]

ஷிப்ட் முடிந்ததும் தன் சம்பள முன்பணத்திலிருந்து கொடுத்து அந்தக் காசையே மாற்றி எடுத்துக்கொண்டாள். கைக்குள் மூடினாள். ஐந்து மணி வரை திறக்கவில்லை.

5.

ஐந்து மணிக்கு மூன்று மாடியின் நடைமாடங்களும் நிறைந்துவிட்டன. சிலர் நாற்காலியோடு வந்திருந்தார்கள். எதெல்கா இன்னும் சீருடையில். வில்மாவின் கழுத்தில் அளவு நாடா. காஷ்பார் என்ன காரணத்தாலோ வாத்தியத்தையும் கொண்டுவந்திருந்தார்.

"தலையா எழுத்தா?" என்று எதெல்காவின் காசை வாங்கிக்கொண்டு கேட்டார் லோரின்ஸ்.

 இந்த ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். பூ கிடையாது. இந்த இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதினால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வேடிக்கையை நான் செய்யப்போவதில்லை.

காசு மேலே போய்க்கொண்டிருக்கும்போதே வில்மா கத்தினாள். "தலை!"

லோரின்ஸ் ரொம்ப வேகமாகச் சுண்டிவிட்டார். காசு முதல் மாடிக் கம்பியில் பட்டு, முற்றத்துக் கல்லில் விழுந்து, எழுந்து, உருண்டு, சாக்கடைக் கம்பிவலையை நோக்கி ஓடியது. "பிடி! பிடி!" "தொடாதே! யாரும் தொடாதே!" ஐம்பது பேர் ஒரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலைக்கு ஒரு சாண் முன்னால் அது வட்டமடித்து, ஆடி, ஆடி, படுத்தது.

எதெல்காவும் வில்மாவும் முழங்காலில் விழுந்து குனிந்தார்கள். தலையோடு தலை முட்டிக்கொண்டது.

புறா. இலைக்கொத்தோடு ஒரு புறா.

"தலை! எனக்குத்தான்!"

"எங்க தலை? புறாதான் இருக்கு!"

"புறாவுக்குத் தலை இல்லாமலா அடிச்சிருக்கான்? கண்ணு தெரியுதா? மூக்கு தெரியுதா?"

"சுத்தி என்ன எழுதியிருக்கு, படிங்க. எழுத்துதான அது?"

லோரின்ஸ் காசுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தன்னிடமிருந்த அதே மாதிரிக் காசு ஒன்றைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அன்று மதியம்தான் கிடைத்திருந்தது. "அந்தப் பக்கமும் எழுத்து இருக்கு. பத்து ஃபில்லேர்னு."

"பாத்தீங்களா! ரெண்டு பக்கமும் எழுத்து! எப்படி விழுந்தாலும் எனக்குத்தான்!" என்றாள் எதெல்கா.

"அப்ப நான் எப்படிடி ஜெயிக்கிறது? காசு செங்குத்தா நின்னா ஜெயிப்பேனா?"

மாடிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. "கோழிக்குத் தலைன்னா புறாவுக்கும் தலைதான்!" "கோழியப் பாத்து எத்தன நாளாச்சு உனக்கு?" "அஞ்சு ஃபோரிண்ட் வெள்ளிக் காசுல மனுசத் தலை இருக்காம், அதச் சுண்டுங்க!" "உங்கிட்ட இருக்கா?" "எங்கிட்ட வெள்ளி இருந்தா மூணாம் மாடில ஏன் நிக்கிறேன்?" சிரிப்பு, கூச்சல், நாற்காலி தட்டல். காஷ்பார் டிராம்போனை எடுத்து நீளமாக ஒரு உறுமல் விட்டார். யார் பக்கம் என்று தெரியவில்லை.

6.

இங்கே நான் ஒரு வாரம் நின்றுவிட்டேன். எதெல்கா மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

காலையிலிருந்து நூறு காசு அவள் கைக்குள் போய் வந்தது. புதுக் காசில் தலை இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? பத்து ஃபில்லேரைத் தேர்ந்தெடுத்தது அவள்தானே? வில்மா "தலை" என்றுதான் சொல்வாள் என்று ஏழு மாதம் ஒரே அறையில் இருந்தவளால் ஊகிக்கவா முடியாது? கையை மூடியே வைத்திருந்தது எதற்கு?

எதெல்காவையே கேட்டுவிட்டேன். சூப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் அதப் பாக்கவே இல்லடி. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

நம்பலாமா? நீங்கள் நம்புகிறீர்களா? நான் திங்கட்கிழமை நம்புகிறேன், செவ்வாய்க்கிழமை நம்புவதில்லை. [இந்த வரியைச் செவ்வாய்க்கிழமை எழுதினேன்.]

7.

இனி ஒட்டாத இடம்.

எதெல்கா சொன்னது: "கத்திக் கத்தித் தொண்டை போச்சு. ஊரே அவ பக்கம். சரி, தொலையட்டும்னு விட்டுட்டேன்."

வில்மா வாயிலிருந்த ஊசிகளைத் துப்பிவிட்டுச் சொன்னது:

"அவ அப்படியா சொன்னா? கழுத. நடந்தது என்னன்னு கேளு. லோரின்ஸ் மறுபடி சுண்டலாம்னு சொல்லிட்டார். எல்லாரும் சரின்னாங்க. காஷ்பார் என் விலாவுல இடிச்சார், நானும் சரின்னுட்டேன். என்னோட வாய் சரின்னு சொன்னதே அந்த வருஷத்துல அது ஒண்ணுதான். லோரின்ஸ் காச எடுக்கக் குனியிறார். இவ குறுக்க வந்து நிக்கிறா. 'எடுக்காதீங்கண்ணே. விழுந்தது விழுந்ததுதான். அது தலைதான். நான் தோத்துட்டேன்'ங்கிறா. முகமெல்லாம் கல்யாணப் பொண்ணு மாதிரி சிவந்துபோச்சு. அழப்போறான்னு பாத்தேன். சிரிச்சா!"

நான் முக்காலியிலிருந்து இறங்கிவிட்டேன். பாதி ஊசி குத்திய பாவாடையோடு டெப்போவுக்கு ஓடாத குறை.

எதெல்கா கசகசா தூவிய நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு மெதுவாக மென்று முடித்தாள்.

"ஆமா. அவ சொன்னதுதான் சரி."

"ஏன் எங்கிட்ட மறைச்ச?"

"சொன்னா பெரிய தியாகி மாதிரி இருக்கும். தியாகமெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு வருஷம் பூரா காலையில ஒரு கணக்கு, மத்தியானம் ஒரு கணக்கு. காலையில எழுதின டிக்கெட் வெலைய மத்தியானம் ரப்பர் முத்திரை குத்தி மாத்துவோம். யாரு எது சொன்னாலும் சாயந்தரத்துக்குள்ள பொய்யாயிடும். அன்னிக்குத்தான் ஒண்ணு மேல போச்சு, கீழ வந்துச்சு, விழுந்த எடத்துல அப்படியே கெடந்துச்சு. அதப் போய் மறுபடி தூக்கிப் போடலாம்கிறாங்க. எனக்குத் தாங்கல."

"வீடு போச்சே!"

"போச்சு. ஆனா சந்தோசமா இருந்துச்சு. வீடு போன சந்தோசத்த யார்கிட்டடி சொல்றது? பைத்தியம்பாங்க."

வெள்ளிக்கிழமை காலை கண் விழித்ததும் அவள் முதலில் அதைத்தான் பார்த்தாளாம். நேற்று தோற்றது இன்றும் அதே அளவில் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எழுந்து முகம் கழுவி மூட்டையைக் கட்டினாள்.

8.

முடிவுக்கு நான் எழுதிக் கிழித்தவை:

(அ) மூட்டையோடு படியிறங்கும் எதெல்காவை வில்மா கட்டிப்பிடித்து, சின்ன அறையை உனக்கே தருகிறேன் என்கிறாள். [இல்லை. வில்மா அப்படிச் சொல்லவில்லை. சின்ன அறையில் தையல் இயந்திரத்தைப் போட்டாள். அவளுக்கு அது தேவைதான்.]

(ஆ) விடுதியில் எதெல்கா ஒரு நல்ல மனிதரைச் சந்திக்கிறாள், காசுதான் காரணம் என்று— [விடுதியில் பதினோரு பெண்களும் ஒரு எலியும்தான் இருந்தார்கள். இரண்டு வருஷம் அங்கே இருந்தாள். பிறகு தன் பெயரிலேயே ஓர் அறை கிடைத்தது. தன் முதல் மேசையைப் பார்க்க எங்கள் எல்லாரையும் கூப்பிட்டாள்.]

(இ) இருவரும் அதன்பின் பேசிக்கொள்ளவே இல்லை. [பொய். எதெல்காவின் எல்லா உடுப்பையும் வில்மாதான் தைத்தாள். ஒவ்வொன்றுக்கும் சண்டை.]

ஆக எல்லாம் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர.

9.

வெள்ளிக்கிழமை காலை, டிராம் நிறுத்தம். எதெல்காவுக்கு மதிய ஷிப்ட். அதனால் பயணியாக, முதுகில் மூட்டையோடு நிற்கிறாள். எதிர்ச்சாரியிலிருந்து வில்மா ஓடி வருகிறாள். கழுத்தில் அளவு நாடா, கையில் அந்த நீல எனாமல் பானை. மூச்சு வாங்குகிறது.

வண்டி வந்து நிற்கிறது. எதெல்கா ஏறிவிட்டாள். வில்மா பானையை மேலே நீட்டுகிறாள்.

"பிடி."

"இது உங்களோடதுன்னீங்களே, வில்மாக்கா?"

"பிடின்னா பிடியேன்!"

எதெல்கா குனிந்து வாங்குகிறாள். பானை சூடாக இருக்கிறது. உள்ளே பிளம் பழம் வைத்த கொழுக்கட்டைகள், மேலே சர்க்கரை. சர்க்கரை! இப்போது இரண்டு பேரும் பானையை விடவில்லை. அந்த வண்டியின் கண்டக்டர் மணிக்கயிற்றில் கை வைத்துவிட்டாள். வில்மா நிமிர்ந்து பார்த்து, வாயைத் திறந்து

இந்த இடத்தில் வில்மா என்ன சொன்னாள் என்று இருவரையும் கேட்டேன். "மணிச் சத்தத்துல கேக்கல," என்றாள் எதெல்கா. "ஞாபகம் இல்ல, நேரா நில்லு," என்றாள் வில்மா, ஊசியை எங்கேயோ குத்தி. நானாக இட்டுக்கட்ட எனக்கு மனம் வரவில்லை. இருவரையும் எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும்.

உங்களுக்கும் இப்போது அவர்களைத் தெரியும். சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், வண்டி கிளம்புகிறது.